அறுகம்புல்: வன்னி வளவிலும் வயலிலும் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கிளிநொச்சிக்கு அடுத்த ஊரில் எனக்கு நான்கு ஏக்கர் வயல் இருக்கிறது, பன்னிரண்டு மாடுகள் நிற்கின்றன. பாடசாலை மைதானத்தைப் பார்த்துக்கொள்ளும் சம்பளமில்லாத உத்தியோகமும் என் தலையில்தான். மூன்று இடத்திலும் எனக்கு வேலை வைப்பது ஒரே புல். பால் கொடுக்கப் போகும் இடத்திலும், கமநல சேவை நிலைய வரிசையிலும், கோயில் வாசலிலும் இதைப் பற்றி என்னிடம் கேட்காதவர்கள் குறைவு. திரும்பத் திரும்ப ஒரே பதிலைச் சொல்லி அலுத்துப்போய், கேட்ட கேள்விகளை அப்படியே வைத்து எழுதியிருக்கிறேன்.

அறுகா, அருகா? எது சரி?

வல்லின றகரம்தான். "ஆல்போல் தழைத்து, அறுகுபோல் வேரோடி" என்று வாழ்த்தும்போது நம் பெரியவர்கள் சொல்வது அறுகு. "அருகம்புல்" என்று எழுதுகிறவர்களோடு சண்டைக்குப் போகமாட்டேன், ஆனால் பாடசாலைப் பலகையில் கண்டால் திருத்திவிட்டுத்தான் நகர்வேன்.

அறிவியல் பெயர் சைனோடன் டாக்டிலன். முதற்சொல் கிரேக்கத்தில் நாய்ப்பல்லையும், அடுத்த சொல் விரலையும் குறிக்கின்றன. மண்ணுக்குள் இருக்கும் கூரான முளைதான் நாய்ப்பல், மேலே விரிந்து நிற்கும் கதிர்தான் விரல். 1753 இல் தாவரவியலாளர் லின்னேயஸ் இதை வேறொரு பேரினத்தில் வைத்திருந்தார். இன்றைய பெயரை 1805 இல் பெர்சூன் என்ற இன்னொரு தாவரவியலாளர் கொடுத்தார்.

ஆங்கிலம் பேசும் நாடுகளில் இதைப் பெர்மியூடா புல் என்கிறார்கள். அந்தத் தீவுக்கும் இது வந்தேறிதான். கனடாவிலிருந்து வந்த மருமகன், "பெர்மியூடா விதை கொண்டுவந்திருக்கலாமே மாமா, முற்றத்துக்கு நன்றாக இருக்கும்" என்றான். நாங்கள் இருவரும் அதன்மேல்தான் நின்று பேசிக்கொண்டிருந்தோம். வெளிநாட்டு விதையை அனுமதிப்பத்திரம் இல்லாமல் கொண்டுவரக் கூடாது என்பதையும் அவனிடம் சொல்லிவைத்தேன்.

எங்கள் வளவில் நிற்பது அறுகுதான் என்று எப்படித் தெரிந்துகொள்வது?

கதிரைப் பார்த்து முடிவு செய்யலாம் என்று பலர் நினைக்கிறார்கள். கதிர் ஏமாற்றும். காக்கைக்கால் புல்லுக்கும் விரல்போன்ற கதிர்தான். குரக்கன் கதிரைச் சிறிதாக்கினாற்போல ஒரு புல் வாய்க்கால் கரையில் வரும், அதற்கும் அப்படித்தான். அறுகின் கதிரில் மூன்று முதல் ஏழு வரை விரல்கள் இருக்கும், பெரும்பாலும் நான்கு அல்லது ஐந்து. எல்லாம் ஒரே புள்ளியிலிருந்து கிளம்பும், ஈர்க்குப்போல மெல்லியவை. காக்கைக்காலின் விரல்கள் குட்டையாகவும் தடிப்பாகவும் இருக்கும், நுனியில் ஒரு சிறு முள் துருத்திக்கொண்டு நிற்கும். குரக்கனை ஒத்தது குத்தாக நிற்கும், கொடி ஓடாது.

நிச்சயமாகத் தெரிய வேண்டுமானால் ஒரு தண்டைப் பிடுங்கி, இலையை மெதுவாகப் பின்னுக்கு மடித்துப் பாருங்கள். இலை தண்டை விட்டுப் பிரியும் இடத்தில், உள்பக்கமாக, வெண்மயிரால் ஒரு சிறு வேலி கட்டினாற்போல இருக்கும். வெயிலுக்கு நேரே பிடித்தால் அந்த மயிர் வரிசை மினுங்கும். குளக்கரைச் சேற்றில் அறுகைப்போலவே ஓடும், கதிர் இரண்டே விரலாகப் பிரியும் ஒரு புல் உண்டு. அதில் மயிர் வரிசைக்குப் பதிலாக மெல்லிய சவ்வு இருக்கும். மாடு இரண்டையும் தின்னும், பிள்ளையாருக்கு மட்டும் மாற்றிக் கொண்டுபோய் வைத்துவிடாதீர்கள்.

எத்தனை முறை செருக்கினாலும் ஏன் சாகமாட்டேன் என்கிறது?

உழவாரத்தால் செருக்கும்போது நீங்கள் எடுப்பது தலைமுடியை மட்டும்தான். இந்தப் புல்லுக்கு இரண்டு விதக் கொடிகள். ஒன்று தரைக்கு மேலே ஓடும், மற்றது வெண்மையாக, கடினமாக, மண்ணுக்குள் ஓடும். இரண்டிலும் கணுக்கள் உண்டு, ஒவ்வொரு கணுவும் தனியாக ஒரு செடி. வேர்த் தொகுதியின் பெரும்பகுதி முதல் இரண்டடிக்குள் இருந்தாலும், ஆழமான மண்ணில் சில வேர்கள் ஆறடி வரை இறங்கும்.

மற்றது வெயில். நெல்லுக்குச் சூடு மிஞ்சினால் வேலை மந்தமாகும். அறுகோ சோளம், கரும்பு, குரக்கன் வகையறா. இவை காற்றிலிருந்து கரியமில வாயுவைப் பிடித்துச் சேர்க்கும் முறையே வேறு. 35 பாகை வெயிலில்தான் உற்சாகமாக வளரும், அதே வேலைக்குச் செலவழிக்கும் தண்ணீரும் குறைவு. வைகாசியிலிருந்து புரட்டாதி வரை மழையில்லை, கச்சான் காற்று மண்ணையே வறுக்கிறது என்றால் மேற்புறத்தைக் காயவிட்டு, உள்கொடியில் உயிரை வைத்துக்கொண்டு படுத்துவிடும். ஐப்பசியில் முதல் மழை விழுந்து நான்கைந்து நாளில் பச்சை தெரியும்.

2010 இல் நாங்கள் மீளக் குடியேறியபோது வளவில் கூரை இல்லை, வேலி இல்லை, கிணறு தூர்ந்து கிடந்தது. முற்றம் இருந்த இடத்தை இன்னதென்று காட்டியது இந்தப் புல்தான். சுற்றிலும் பற்றைக் காடு, வாசலில் மட்டும் மிதிபட்டுப் பழகிய அறுகு. அம்மா அதைச் செருக்க விடவில்லை.

தோட்டத்தில் வெங்காயத்துக்கும் மிளகாய்க்கும் இடையில் வந்துவிட்டது. எப்படி ஒழிப்பது?

முதலில் மனதைத் தேற்றிக்கொள்ளுங்கள். உலகின் மோசமான களைகள் என்று 1977 இல் ஒரு பட்டியல் வந்தது. முதலிடம் கோரைக்கு, இரண்டாமிடம் அறுகுக்கு. வன்னியில் மேட்டுநிலப் பயிர் செய்கிறவர்கள் பலர் இந்த இரண்டையும் ஒரே தறையில், அதாவது ஒரே பயிர்த் துண்டில், வைத்து மாரடிக்கிறார்கள். நம் சோம்பேறித்தனம் மட்டும் காரணமில்லை.

அடுத்து, செய்யக் கூடாதது: ஈர மண்ணில் ரொட்டவேற்றர் (சுழல் கலப்பை) அடிக்காதீர்கள். லான்ட்மாஸ்டர்காரர் வேகமாக அடித்துவிட்டுப் போய்விடுவார், தரை பஞ்சுபோல அழகாக இருக்கும். கொடி மட்டும் விரல் நீளத் துண்டுகளாக நறுக்கப்பட்டு, தறை முழுவதும் ஒரே சீராக நடப்பட்டிருக்கும். மூன்று வாரத்தில் தெரியும். நான் காசு கொடுத்து அறுகு நட்ட கதை இதுதான்.

எனக்குப் பலித்த வழி கோடையில்தான். ஆடி, ஆவணியில் மண் நன்றாகக் காய்ந்திருக்கும்போது கொழுக்கலப்பையால் ஆழமாக உழுது உள்கொடியை வெளியே இழுத்துப் போடுங்கள். இரும்பு வாரியால் வாரி ஒதுக்குங்கள். பத்துப் பன்னிரண்டு நாள் வெயிலில் கிடக்கட்டும். பிறகு குறுக்கே இன்னொரு உழவு, இன்னொரு வாரல். மூன்றாவது முறையும் முடிந்தால் நல்லது. வெயிலில் வெறுமனே கிடக்கும் கொடி முறிக்கும்போது "டக்" என்று ஒடிந்தால் செத்துவிட்டது. வளைந்தால் இன்னும் உயிர் இருக்கிறது. வாரியதை எருக்குழியில் போடாதீர்கள். அங்கே அதற்கு அறுசுவை விருந்து. மாட்டுக்குப் போடுங்கள், அல்லது எரியுங்கள்.

பிறகு மாரிக்கு உழுந்து, கௌபி, வத்தாளை, பூசணி என்று தரையை மூடும் ஏதாவது ஒன்றை நெருக்கமாகப் போடுங்கள். அறுகுக்கு வெயில்தான் உயிர், நிழல்தான் எமன். ஒரு போகம் நிழலில் கிடந்தால் மிச்சம் மீதி மெலிந்துபோகும். வெங்காயம் தரையை மூடாத பயிர், ஆகவே அறுகு வந்த தறையில் அடுத்த போகமே வெங்காயம் வைக்க அவசரப்பட வேண்டாம்.

மருந்தடித்தால் ஒரே நாளில் முடியாதா?

ஒரே நாளில் முடியாது. இலை வழியாக வேருக்கு இறங்கும் மருந்துகளே இதற்குச் சரிவரும், அவற்றில் எல்லோருக்கும் தெரிந்தது கிளைபோசேட். அது 2015 இல் இலங்கையில் தடைசெய்யப்பட்டு, 2022 இல் திரும்ப அனுமதிக்கப்பட்டது. அடிப்பதென்றால் புல் பச்சையாக ஓடிக்கொண்டிருக்கும் காலத்தில் அடிக்க வேண்டும். கோடையில் காய்ந்து படுத்திருக்கும்போது அடித்தால் மருந்து உள்ளே போகாது, காசுதான் போகும். கிணற்றைச் சுற்றி நான் அடிக்கமாட்டேன்.

பாடசாலை மைதானத்துக்குப் புல் போட வேண்டும். எவ்வளவு செலவாகும்?

கொடிக்குச் செலவில்லை. பொறுமைக்குத்தான் செலவு.

இதை விரிவாகவே சொல்கிறேன், ஏனென்றால் எங்கள் ஊரில் இது ஒருமுறை நன்றாகச் சொதப்பியது. வெளிநாட்டிலுள்ள பழைய மாணவர்கள் பணம் சேர்த்து அனுப்பினார்கள். யாரோ ஒருவர் மூலம் தெற்கிலிருந்து லொறியில் புல் பாய் வந்தது. அகலமான இலை, கண்ணைப் பறிக்கும் பச்சை. மாசி மாதத்தில் கிரவல் தரையின்மேல் அப்படியே விரித்தார்கள். திறப்பு விழாப் படத்தில் மிக அழகாக இருக்கிறது. சித்திரையில் மஞ்சள், ஆனியில் வைக்கோல். ஈரமும் நிழலும் கண்டு வளர்ந்த புல்லைக் கொண்டுவந்து வன்னி வெயிலில் போட்டால் அது என்ன செய்யும்? அந்தப் பாய் செத்த இடத்தில், ஓரத்து வாய்க்காலிலிருந்து தானாக ஏறி வந்தது எது என்று நான் சொல்லத் தேவையில்லை.

இரண்டாம் முறை நாங்களே செய்தோம். முதலில் மண். கிரவலின்மேல் அறுகு உயிரோடு இருக்கும், ஆனால் மெத்தையாகாது. அரையடி நல்ல மண் வேண்டும். எங்களுக்குக் குளம் தூர்வாரிய வண்டல் கிடைத்தது, அதில் மணலும் உக்கிய மாட்டெருவும் கலந்தோம். உக்காத எரு போட்டால் ஊரிலுள்ள களை விதையெல்லாம் மைதானத்துக்கு வந்துவிடும். நடுவில் சற்று உயர்த்தி, நான்கு பக்கமும் தண்ணீர் ஓடச் சரிவு கொடுங்கள். மாரியில் ஒரு கிழமை தேங்கி நின்றாலும் அறுகு தாங்கும், பிள்ளைகள் விளையாடினால் சேறாகிவிடும்.

நடுகைக்கு ஐப்பசி. முதல் இரண்டு மழை இறங்கி மண் குளிர்ந்த பிறகு, பெருமழைக்கு முன். விதையை நான் சிபாரிசு செய்வதில்லை. ஒரு கிராமில் ஏறத்தாழ 4000 விதைகள், அவ்வளவு பொடி. கார்த்திகை மழையொன்று அடித்தால் எல்லாம் மதகடியில் போய்ச் சேரும். கொடிதான் நிற்கும். ஒரு சதுர மீற்றர் நல்ல புல்லைப் பிரித்தால் பத்துச் சதுர மீற்றருக்குப் போதும், ஒரு பரப்புக் காணிக்கு, அதாவது ஏறத்தாழ 250 சதுர மீற்றருக்கு, 25 சதுர மீற்றர் என்று வையுங்கள். மூன்று நான்கு கணு இருக்குமாறு துண்டாக்கி, ஒரு சாண் இடைவெளியில், இரண்டு கணு மண்ணுக்குள்ளும் நுனி வெளியேயுமாக வைத்து, காலால் மிதித்துவிட்டுப் போக வேண்டியதுதான். வகுப்புக்கு ஒரு வரிசை என்று பிரித்துக் கொடுத்தோம். ஆறாம் ஆண்டுப் பிள்ளைகள் நட்ட வரிசைதான் நேராக இருந்தது. உயர்தர மாணவர்களின் வரிசை வரம்பு வெட்டத் தெரியாதவன் வெட்டிய வரம்புபோல இருந்தது.

பிடுங்கிய கொடியை வெயிலில் போட்டு வைக்காதீர்கள். ஈரச் சாக்கில் சுற்றி, அன்றைக்கே நட்டுவிடுங்கள்.

இனித்தான் கஷ்டம். பத்துக் கிழமை மைதானத்தை மூட வேண்டும். விளையாட்டு ஆசிரியர் முறைப்பார், பெற்றோர் கேட்பார்கள், பின்னேரத்தில் மதில் ஏறிக் குதிக்கிறவர்கள் இருப்பார்கள். தை பிறந்து தரை மூடிய பிறகுதான் திறந்தோம்.

பராமரிப்பில் முக்கியமானது வெட்டு. ஒன்றரை அங்குல உயரத்தில் வைத்திருந்தால் நாட்டு அறுகுக்குப் போதும். வெட்டும்போது உயரத்தில் மூன்றிலொரு பங்குக்கு மேல் எடுக்காதீர்கள். விட்டுவிட்டு மாதத்துக்கு ஒருமுறை மொட்டையடித்தால் பழுப்புத் தண்டுதான் மிஞ்சும். மாரிக் காலத்தில் நூறு சதுர மீற்றருக்கு ஒரு கிலோ யூரியா, மாதத்துக்கு ஒருமுறை, மழை ஈரத்தின்மேல். இரசாயன உர இறக்குமதி தடைசெய்யப்பட்ட 2021 இல் யூரியாவைக் கண்ணால்கூடக் காணவில்லை. உக்கிய ஆட்டெருவைச் சல்லடையில் அரித்துத் தூவினோம், புல் கோபித்துக்கொள்ளவில்லை. கோடையில் உரமும் வேண்டாம், வெட்டும் வேண்டாம். தண்ணீர் இருந்தால் கிழமைக்கு ஒருமுறை ஆழமாக நனையுங்கள், இல்லாவிட்டால் படுத்துத் தூங்கட்டும். கோல் கம்பத்தடி எப்படியும் மொட்டையாகும், ஒவ்வொரு ஐப்பசியிலும் அங்கே புதுக் கொடி வையுங்கள்.

தொலைக்காட்சியில் காணும் மைதானங்களில் இருப்பதும் இதுதானா?

வெப்ப நாடுகளில் பல இடங்களில் இதன் உறவினர்கள்தான். அமெரிக்காவின் ஜோர்ஜியா மாநிலத்தில் டிஃப்டன் என்ற ஊரிலுள்ள ஆய்வு நிலையத்தில் கிளென் பேர்ட்டன் என்பவர் இந்தப் புல்லுக்கே வாழ்நாளைக் கொடுத்தார். மாட்டுக்கென்று அவர் 1943 இல் வெளியிட்ட "கோஸ்டல்" இன்றும் அங்கே மேய்ச்சல் நிலங்களில் நிற்கிறது. 1960 இல் வந்த "டிஃப்வே 419" நம் அறுகுக்கும் ஓர் ஆபிரிக்க அறுகுக்கும் பிறந்த கலப்பு. இலை ஊசிபோல மெல்லியது, முளைக்கும் விதை தராது, கொடியால்தான் பரப்ப வேண்டும். வெட்டவும் உரமிடவும் ஆளும் இயந்திரமும் இருக்கும் இடங்களுக்கு அது பொருந்தும். விம்பிள்டன் புல்லைக் கேட்காதீர்கள். அது குளிர்நாட்டு ரை புல், நம் ஊர்ப் பங்குனியைத் தாண்டாது.

வீட்டு முற்றத்தில் புல் வளர்த்தால் பாம்பு வருமாமே?

கணுக்காலுக்கு மேல் வளரவிட்டால் வரும். புடையன் படுத்திருந்தால் தெரியாது, அதுதான் பயம். இரண்டு அங்குலத்துக்குள் வெட்டி வைத்திருக்கும் அறுகில் எலிக்கு ஒளிக்க இடமில்லை, எலி இல்லாத இடத்தில் பாம்புக்கும் வேலை இல்லை. ஒழுங்காக வெட்ட முடியாது என்று தோன்றினால் அம்மம்மா காலத்து வழியே நல்லது: கூட்டிப் பெருக்கிய மணல் முற்றம். மாமர நிழலிலும் வேம்பின் கீழும் அறுகு நிற்காது, நாளுக்கு ஆறு மணி நேர வெயிலாவது வேண்டும். அங்கே புல் வளர்க்க மாரடிக்காமல் கதிரையைப் போட்டு உட்காருங்கள்.

மாட்டுக்கு அறுகு மட்டும் போதுமா? பால் கூடுமா?

இளம் அறுகு நல்ல தீன். மூன்று நான்கு கிழமைத் தளிரில், ஈரத்தைக் கழித்துப் பார்த்தால், நூற்றுக்குப் பத்துப் பன்னிரண்டு பங்கு புரதம் இருக்கும். கதிர் தள்ளி முற்றிவிட்டால் அதில் பாதிதான். ஆகவே "அறுகு நல்லதா" என்று கேட்காமல் "இந்த அறுகுக்கு எத்தனை கிழமை" என்று கேட்க வேண்டும்.

250 கிலோ எடையுள்ள நாட்டுப் பசு நாளொன்றுக்குப் பச்சையாக ஏறத்தாழ 25 கிலோ புல் தின்னும். கட்டிவைத்து வெட்டிப் போடுகிறவர்களுக்கு அறுகு கட்டுப்படியாகாது. இவ்வளவு குட்டைப் புல்லை 25 கிலோ அறுக்க ஒரு மனிதப் பிறவி போதாது. அதற்குக் கோயம்புத்தூர் வேளாண் பல்கலைக்கழகம் உருவாக்கிய கோ-3, அல்லது வேலியோரம் தானாக நிற்கும் கினிப் புல். அறுகு மேய்கிற மாட்டுக்கான புல். குளம்பு மிதிக்க மிதிக்கக் கொடி மண்ணில் பதிந்து வேர்விடும். தரையோடு ஒட்டிக் கறித்தாலும் அடுத்த முளை மண்ணுக்குள் பத்திரமாக இருக்கும். கோ-3 ஐ அப்படி மேயவிட்டால் ஒரு வருடத்தில் குத்தே இருக்காது.

பால் கூடுமா என்றால், வைக்கோலிலிருந்து இளம் அறுகுக்கு மாறும் பசுவுக்குக் கூடும். கலப்பினப் பசு வைத்திருப்பவர்கள் புல்லை மட்டும் நம்பினால் கால்நடை வைத்தியர் ஏசுவார், ஏசுவது நியாயம். ஒன்றைக் கவனியுங்கள்: முற்றிய கதிரில் சிலவேளை ஒரு பூஞ்சணம் பிடிக்கும். அதைத் தின்ற மாடுகள் நடுங்கித் தள்ளாடுவது வேறு நாடுகளில் பதிவாகியிருக்கிறது. மாடு கால் பின்னி நடந்தால் அந்தத் தரையிலிருந்து ஓட்டிவிட்டு வைத்தியருக்குச் சொல்லுங்கள்.

பட்டி மாடுகளுக்கு இப்போது மேய்ச்சல் எங்கே இருக்கிறது?

இந்தக் கேள்விக்குப் புல்லைப் பற்றி மட்டும் பேசிப் பதில் சொல்ல முடியாது.

வன்னியில் பட்டி மாடு வருடத்தோடு சேர்ந்து நகரும். மாரி மழையோடு வரும் காலபோகத்தில் வயலெல்லாம் நெல், ஆகவே பட்டி காட்டோரத்துக்கும் தரவை என்ற திறந்த புல்வெளிக்கும் போகும். மாசி, பங்குனியில் அரிவு வெட்டு முடிந்ததும் வயலுக்கு இறங்கும். தாள்கட்டையைத் தின்று முடிக்கும்போது வெயில் ஏறிவிடும். அப்போது மிஞ்சுவது குளத்து அலைகரை. இரணைமடு, அக்கராயன், வவுனிக்குளம், முத்தையன்கட்டு என்று எந்தக் குளமானாலும் தண்ணீர் இறங்க இறங்க, ஈரம் விட்டுப்போன இடத்தில் ஒரு பச்சைக் கோடு பின்னாலேயே போகும். ஆடி மாதம் அலைகரையில் நின்று பார்த்தால் மேலே காய்ந்த காடு, கீழே கலங்கிய தண்ணீர், நடுவே இரண்டு மாட்டு நீள அகலத்துக்குப் பச்சை. எருமை, மாடு, கொக்கு, பொழுதுபட்டால் சில குளங்களில் யானையும் அந்தக் கோட்டை நம்பித்தான் வரும்.

அந்தக் கோட்டை உழுது பயிர் வைக்கிறவர்கள் இருக்கிறார்கள். கேட்டால் "சும்மா கிடக்கிற நிலம்தானே" என்பார்கள். அது சும்மா கிடக்கவில்லை. வருடத்தில் மூன்று மாதம் ஊர் மாடு முழுவதற்கும் சோறு போடுகிறது. உழுதால் மாடு அடுத்தவன் தோட்டத்துக்குப் போகும், வழக்கு வரும், மண் கரைந்து குளம் தூரும். காட்டோரம் வனத்துக்கென்று எல்லை போடப்பட்டு, தரவை காணிகளாகிக்கொண்டிருக்கும்போது அலைகரையையும் இழந்தால் பட்டியை விற்பதைத் தவிர வேறு வழி இல்லை. மேய்ச்சல் தரையை அளந்து ஒதுக்கித் தாருங்கள் என்று மாடு வைத்திருப்பவர்கள் பல வருடங்களாகக் கேட்கிறோம். அலைகரையை அதில் முதலாவதாக எழுத வேண்டும் என்பது என் கட்சி.

முருங்கன் பக்கக் கருங்களியிலும், முல்லைத்தீவுக் கடற்கரை மணலிலும் வளருமா?

இரண்டிலும் வளரும். உப்பையும் ஓரளவு தாங்கும், ஆகவே கடலோர வளவுகளுக்கு இதைவிட நல்ல புல் கிடைக்காது. மணலில் எருவும் தண்ணீரும் அடிக்கடி கேட்கும். முருங்கன் களி, காங்கேசன்துறையில் சீமெந்து செய்ய ரயிலேற்றி அனுப்பப்பட்ட களி, கோடையில் கால் புதையும் அளவுக்கு வெடிக்கும். அறுகு அந்த வெடிப்பின் விளிம்பைப் பிடித்துக்கொண்டு நிற்கும். வெடிப்பையே தடுக்கும் என்று எதிர்பார்க்காதீர்கள்.

புல்லின் நடுவே வெள்ளைத் திட்டுகள் வருகின்றன. உரக் குறைபாடா?

மஞ்சளித்தால் உரக் குறைபாடாக இருக்கலாம். பால்போல வெளுத்து, குட்டையாகக் குத்துக் குத்தாகத் தழைத்தால் அது வெள்ளை இலை நோய். பைட்டோபிளாஸ்மா என்ற நுண்ணுயிர் காரணம். மருந்தில்லை, பிடுங்கி எறியுங்கள். அந்தத் திட்டிலிருந்து நடுகைக்குக் கொடி எடுக்காதீர்கள்.

பிள்ளையாருக்கு அறுகு ஏன்? எப்படி எடுப்பது?

கதை எல்லோருக்கும் தெரிந்ததுதான். அனலாசுரனை விழுங்கிய பிள்ளையாருக்கு வயிறு எரிந்தது, எதற்கும் தணியவில்லை, முனிவர்கள் இருபத்தொரு அறுகை வைத்ததும் குளிர்ந்தது. கார்த்திகை, மார்கழியில் பெருங்கதை விரதமும் இருபத்தொரு நாள்தான்.

எங்கள் வீட்டில் மார்கழி விடியலில் சாணத்தை உருட்டி, உச்சியில் அறுகைக் குத்தி வாசலில் வைப்போம். பூசைக்கு நுனித் தளிர், கதிர் வராதது, நாய் படுக்காத இடம். கலியாணத்திலும் சாமத்தியச் சடங்கிலும் தலையில் பால் அறுகு வைக்கும்போதும் அப்படித்தான். அறுகோடு சில்லறைக் காசையும் பாலில் தோய்த்து, இரண்டு கையாலும் உச்சந்தலையில் வைத்து எடுப்பார்கள். பெரியவர்கள் அறுகரிசி போட்டு வாழ்த்தும்போது அந்த நுனி மணமக்கள் மடியில் விழ வேண்டும். முறிகண்டிப் பிள்ளையாருக்கு நேர்த்தி வைத்துப் போகிறவர்கள் வழியில் எங்கள் வரம்பில் நிறுத்திப் பறிப்பார்கள். தாராளமாகப் பறியுங்கள், ஆனால் தெரியாத காணிக்குள் இறங்காதீர்கள். கண்ணிவெடி எச்சரிக்கைப் பலகை இருக்கும் இடமும், பலகை விழுந்துபோயிருக்கலாம் என்று ஊரார் சொல்லும் இடமும் புல் பறிக்கும் இடமல்ல.

அறுகம்புல் சாறு குடித்தால் சலரோகம், சிறுநீரக நோய் மாறுமா?

மாறும் என்று நான் சொல்லமாட்டேன். சித்த மருத்துவத்தில் இதற்கு இடமுண்டு, விலங்குகளில் சீனி குறைந்ததாக ஆய்வுகளும் வந்திருக்கின்றன. அதை வைத்துக்கொண்டு வைத்தியசாலைக் குளிசையை நிறுத்தக் கூடாது. வவுனியாப் பக்கத்தில் சிறுநீரக நோயாளிகள் பலர் இருக்கிறார்கள், அவர்கள் எந்தப் பச்சைச் சாற்றையும் வைத்தியரிடம் கேட்காமல் குடிக்கவே கூடாது. ஆசைக்குக் குடிப்பதென்றாலும் வயல் வரம்பு அறுகு வேண்டாம். நெல்லுக்கு அடித்த மருந்தெல்லாம் அதன்மேல்தான் இருக்கிறது. சொந்த வளவில், மாடு போகாத மூலையில் ஒரு பாத்தி போடுங்கள்.

தும்மல், கண் எரிச்சல் உள்ளவர்களுக்கு இதன் மகரந்தம் ஆகாது. கதிர் வருமுன் வெட்டிவிடுங்கள்.

வரம்பில் அறுகை விடலாமா, செதுக்கிவிட வேண்டுமா?

வரம்பின் முதுகில் விடுங்கள், வயலுக்குள் இறங்கும் பக்கத்தைச் செதுக்குங்கள். 2018 டிசெம்பர் வெள்ளத்தில் எங்கள் வயலில் உடைத்துக்கொண்டு போனவை அந்த வருடம் மருந்தடித்து மொட்டையாக்கிய இரண்டு வரம்புகள். அறுகு நின்ற வரம்பின்மேல் தண்ணீர் ஏறிப் பாய்ந்தது, வடிந்த பிறகு புல் ஒரே திசையில் வாரிச் சீவினாற்போலப் படுத்திருந்தது. மண் அங்கேயே இருந்தது. குளக்கட்டுக்கும் இதே நியாயம்: மரம் வேண்டாம், வேர் உக்கினால் ஓட்டை விழும். புல் வேண்டும்.

இந்த மாரிக்கு உங்களிடம் கொடி எடுக்கலாமா?

எடுக்கலாம். ஐப்பசி நடுவில், காலை பால் வேலை முடிந்து எட்டு மணிக்குப் பிறகு வாருங்கள். உரப்பை நீங்களே கொண்டுவாருங்கள், மண்வெட்டி இங்கே இருக்கிறது. வடக்கு வரம்பில் மட்டும் வெட்டுங்கள். வாசலில் நிற்பது அம்மாவுடையது, அதைத் தொட எனக்கே அனுமதி இல்லை.